அப்பாவின் சிலைக்கு ஒரு கையொப்பம்

1

இந்த லண்டனில் நான் எழுதிக் கொடுக்கும் எதுவும் என்னிடம் திரும்பி வராமல் இருந்ததில்லை. விண்ணப்பம் திரும்பி வரும், மனு திரும்பி வரும். பஸ்ஸில் விட்ட குடை மட்டும் வராது. சென்ற வியாழக்கிழமை என் கட்டுரையும் திரும்பி வந்துவிட்டது.

கட்டுரையா, நீயா என்று ஊரில் யாரும் சிரிக்க வேண்டாம். நானே சிரித்து முடித்துவிட்டேன். பகலெல்லாம் ஒரு கப்பல் கம்பெனியின் சரக்கு ஆபீசில் பெட்டிகளின் பட்டியலைச் சரிபார்ப்பவன் நான். பதினோரு வருடமாக அதே நாற்காலி. நாற்காலிக்கு இரண்டு முறை கால் மாற்றிவிட்டார்கள். எனக்கு இன்னும் முறை வரவில்லை. செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஒரு வகுப்புக்குப் போகிறேன். சிற்பத்தையும் ஓவியத்தையும் எப்படிப் பார்ப்பது என்று அங்கே சொல்லித் தருகிறார்கள். கலை ஆர்வம் என்று ஊருக்கு எழுதியிருந்தேன். அது பொய். எங்கள் வீட்டுக் கணப்பு காசு போட்டால்தான் எரியும். வகுப்பறைச் சுவரோரம் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, இலவசமாக. நான் குழாயை ஒட்டி உட்காருவேன். முதல் மூன்று மாதம் என் முதுகுதான் கலை கற்றது.

"உங்களுக்கு என்ன வந்துச்சோ தெரியாது, இருமல் போயிடுச்சி," என்கிறாள் என் மனைவி சரோஜா.

ஆசிரியை ஒரு வெள்ளைக்கார அம்மாள். கையுறையைக் கழற்றாமலே கரும்பலகையில் எழுதுவார். அவர் கொடுத்த வேலை இதுதான்: நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு சிலையை எடுத்துக்கொள்ளுங்கள், கலை என்றால் என்ன என்று படித்த கொள்கைகளில் மூன்றையாவது அதன்மேல் வைத்துப் பாருங்கள், பிறகு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள். மற்றவர்கள் மியூசியத்துக்குப் போய் ஆளுக்கொரு மூக்குடைந்த பளிங்கைப் பிடித்துக்கொண்டார்கள். மியூசியத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. சோம்பேறியான நான், எங்கள் பேரிகை மாட்டுச் சந்தையில் நிற்கும் சிமெண்டுச் சிலையை எடுத்துக்கொண்டேன். போன வருடம் விடுமுறைக்கு வந்தபோது பார்த்தது. என் அப்பாவின் சிலை.

திரும்பி வந்த தாளின் அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'ரசித்துப் படித்தேன். ஆனால் நீங்கள் ஒரு முடிவுக்கும் வரவில்லை. சிலை நன்றாக இருக்கிறதா, இல்லையா?'

என் மகள் மல்லிகா அதை எடுத்துப் படித்தாள். ஒன்பது வயது, இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் மோலி. எந்த நாளில் மாறியது என்று எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவள் இங்கிலீஷில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். மற்றவருக்குப் புரிந்துவிட்டது என்று இருவருமே நம்பிக்கொள்வோம்.

"சிற்பம் என்கிற வார்த்தையை மூன்று விதமாக எழுதியிருக்கிறாய் அப்பா. மூன்றும் தப்பு," என்றாள். பிறகு, "தாத்தா எப்படி இருப்பார்? போட்டோ இல்லையா?"

"இல்லை."

"ஒன்றுகூடவா? மாடிவீட்டு நாய்க்கே மூன்று போட்டோ இருக்கிறதே."

அப்பா கேமராவுக்கு முன் நின்றதே இல்லை. சந்தைக்கு ஒருமுறை படம் பிடிக்கிறவன் வந்தபோது, 'நிக்கறதுக்குக் காசு கேக்கற ஊர்ல நிக்கமாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போனார் என்பார்கள். இதை மகளுக்கு இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே அதில் சிரிப்பு போய்விட்டது. அவள் கொட்டாவி விட்டாள்.

ஆகவே, பேரிகை எங்கே இருக்கிறது என்று தெரிந்த உங்களுக்கு எழுதுகிறேன்.

2

அப்பா மாட்டுத் தரகர். விற்கிறவன் தெலுங்கில் கேட்பான், வாங்குகிறவன் கன்னடத்தில் மறுப்பான், கயிறு விற்கிறவன் உருதுவில் நடுவே புகுவான். அப்பா மூன்று பேரையும் தமிழில் திட்டுவார். வியாபாரம் படிந்துவிடும்.

அவர் போன தந்தி எனக்குக் கிடைத்தபோது காரியமே முடிந்திருந்தது. ஆபீசில் விடுப்புத் தாளை நீட்டினேன். காரணம் என்ற கட்டத்தில் 'தந்தை மரணம்' என்று எழுதியிருந்தேன். மேலாளர் மிகவும் வருத்தப்பட்டு, "அடக்கம் லண்டனிலா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் அரை நாள்," என்றார். அந்த அரை நாளில் என்ன செய்வதென்று தெரியாமல் முடிவெட்டிக்கொண்டேன்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கம்பெனிக்காரனுக்குக் கப்பலில் சலுகை விலையில் ஒரு படுக்கை உண்டு, ஒன்றே ஒன்று. முதல் முறையைத் தவறவிட்டேன்; அடுத்தது போன வருடம் வந்தது. சரோஜாவையும் மகளையும் விட்டுவிட்டுக் கிளம்பினேன். பம்பாய், பெங்களூர், ஓசூர், அங்கிருந்து பேரிகை பஸ். இறங்கினால் ரசாக் பாய் நிற்கிறார். அப்பாவின் கூட்டாளி, மாங்காய் வியாபாரி, வாரத்தில் நாலு நாள் கிருஷ்ணகிரி மண்டியில் இருப்பவர்.

"வா தம்பி. எளச்சிட்டியே, அங்க சோறு கெடைக்கறதில்லியா?"

"கெடைக்குது பாய். அதைத் தின்னுதான் எளச்சிட்டேன்."

"சரி, வூட்டுக்கு அப்பறம் போலாம். மொதல்ல சந்தைக்கு வா. உங்கப்பா மூணு மாசமா கோணிக்குள்ள நிக்கிறாரு. நீ வந்துதான் வெளிய எடுக்கணும்."

நடந்துகொண்டே விவரம் சொன்னார். அப்பாவுக்குப் பிறகு இரண்டு தரகர்கள் முளைத்தார்கள். ஒருவர் பேச்சை மற்றவர் ஆட்கள் நம்புவதில்லை. வாராவாரம் அடிதடி. அப்பா முன்னால் நின்று விலை பேசினால் பொய் வராது என்று சந்தைக்காரர்களுக்கு ஒரு எண்ணம். சரி, அவரையே நிறுத்திவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். மாடு தண்ணீர் குடிக்கப் புதிதாகக் கட்டிய தொட்டிக்குப் பக்கத்தில் மேடை.

"தொட்டி நான் கட்டுனது," என்றார் பாய். "செல சந்தைக்காரங்க சமாச்சாரம். எனக்கு அது ஆவாது, உனக்கே தெரியும். ஆனா சாயங்காலம் அவரு நெழலு தொட்டி மேல வுழுது. அதை நான் என்னா பண்ண முடியும்?"

கோணி ஏன் என்றால், சந்தை நிலம் புறம்போக்கு. அனுமதிக்கு ஒரு சர்க்கார் ஆபீசுக்கு எழுதினார்கள். எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன், அங்கே எனக்கு இன்னும் ஒரு மனு நிலுவையில் இருக்கிறது. ஆபீஸ் நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரம் அனுப்பியது. 'மேற்படி உருவம் காலஞ்சென்ற என் தகப்பனாரின் உருவத்தை ஒத்திருக்கிறது என்று உறுதி கூறுகிறேன்.' கீழே ஆண் வாரிசின் கையொப்பம். ஆண் வாரிசு லண்டனில் குழாயோரம் குளிர் காய்ந்துகொண்டிருந்தான். கையொப்பம் இல்லாமல் கோணியை எடுத்தால் சிலையையே எடுத்துவிடுவோம் என்று ஆபீஸ் சொல்லியிருந்தது. எனக்குப் பன்னிரண்டு நாளில் கப்பல்.

சந்தைநாள். தொட்டியைச் சுற்றி மாடும் மனிதருமாக நூறு தலை. சிலை செய்த முனுசாமி மேஸ்திரி, கையில் பாதி பீடியோடு காத்திருந்தார். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்காரர்கள் வீட்டு மாடிகளில் சிமெண்டுச் சிங்கம், கிளி, துப்பாக்கி பிடித்த சிப்பாய் எல்லாம் நிற்கிறதே, பாதிக்குமேல் அவர் கைவேலை. வீட்டில் தெலுங்கு, வெளியே எல்லாமும்.

"எறக்கட்டுமா சின்னத் தரகரே?" என்று கேட்டுவிட்டு, சும்மா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி முன்பக்கத்துக் கோணியை விலக்கினார்.

பார்த்தேன். தலைப்பாகை அப்பாவுடையது. மீசை அப்பாவுடையது. இரண்டுக்கும் நடுவே நான் நின்றுகொண்டிருந்தேன்.

3

முதல் கொள்கை: கலை என்பது இருப்பதைப் பார்த்து அதைப் போலச் செய்வது. எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவு உயர்ந்தது. இந்தக் கணக்கில் முனுசாமி மேஸ்திரி பெரிய மேதை. என் இடது காது வலது காதைவிடக் கொஞ்சம் தள்ளி நிற்கும். சிலையிலும் தள்ளி நிற்கிறது. ஆள்தான் மாறிவிட்டது.

"மேஸ்திரி, இது நான்."

"ஆமா சாமி. பாய் குடுத்த போட்டோதான்."

நான் பாயைப் பார்த்தேன். பாய் மாடு பார்த்தார். லண்டன் வந்த புதிதில் ஸ்டுடியோவில் பிடித்து அனுப்பிய என் படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. "கண்ணாடி மாத்தித் தர்றேன்னு உங்கம்மாகிட்ட வாங்கிட்டுப் போனேன்," என்றார். "மாத்தியும் குடுத்துட்டேன் தம்பி."

"கோட்ட எடுத்துட்டேன்," என்றார் மேஸ்திரி. "கழுத்துல கட்டியிருந்தத எடுத்துட்டேன். மீசை வெச்சேன், தலப்பாவு சுத்துனேன், ஒரு முப்பது வயசு ஏத்துனேன். மவன் மூஞ்சியில அப்பன் இருப்பான்ல?"

இருப்பான். ஆனால் நான் என் தாய்மாமன் சாயல் என்று ஊரே சொல்லும். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. படத்தில் நான் ஒரு பொய்த் தூணில் முழங்கை ஊன்றிச் சாய்ந்திருந்தேன். தூண் எதற்கு என்று மேஸ்திரி அதையும் எடுத்துவிட்டார். சாய்வை எடுக்கவில்லை. ஆகவே அப்பா பேரிகைச் சந்தையில் காற்றில் சாய்ந்துகொண்டு நிற்கிறார்.

இரண்டாம் கொள்கை: கலைஞன் மனதில் எழுந்த உணர்ச்சி, கல்லின் வழியாகப் பார்ப்பவன் மனதுக்குக் கடக்க வேண்டும். மேஸ்திரி மனதில் இருந்தது என்ன என்று கேட்டேன். "வெய்யிலு," என்றார். சரி, படத்தில் இருந்தவன் மனதில் என்ன இருந்தது என்று நானே யோசித்தேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அன்று போட்டிருந்த பூட்ஸ் அறைத்தோழனுடையது, என் காலுக்கு மிகவும் சின்னது. மோவாயை உயர்த்து, சிரி, அசையாதே என்று படக்காரன் சொல்லச் சொல்ல என் கட்டைவிரல் உயிரை எடுத்தது. அந்த வலியைத்தான் ஒரு மூட்டை சிமெண்டு செலவில் நிலைநிறுத்தியிருக்கிறோம். அது யாருக்கும் கடக்காது என்று கட்டுரையில் எழுதினேன். அது தப்பு, பிறகு சொல்கிறேன்.

மூன்றாவதுதான் எங்கள் ஆசிரியைக்குப் பிடித்தது. யாருடைய சிலை என்பதை மறந்துவிடு, பெயரை மறந்துவிடு; கனம், கோடு, வளைவு, எது எதைத் தாங்குகிறது என்று மட்டும் பார். யாருடையது என்பதை மறப்பது எனக்குப் பழக்கமான வேலைதான். ஆனால் இந்தக் கொள்கையில் பேரிகைச் சந்தையை மிஞ்ச ஆள் இல்லை. கோணி விலகியதைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை. சுற்றி வந்தார்கள். ஒருவர் தொடையைத் தட்டினார். ஒருவர் குனிந்து கணுக்காலைப் பார்த்தார்.

மாலூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், "ஹிந்தின காலு சரியில்லா," என்றார். இரண்டே கால் உள்ளவனுக்குப் பின்னங்கால் எது என்று நான் கேட்கவில்லை.

"நடு முதுவு நல்லா இருக்குது," என்றார் இன்னொருவர். "பாரம் இழுக்கும்."

"வாயத் தொறக்கல. வயசு எப்புடிச் சொல்றது?"

"ஒழவுக்கு ஆவாது. வண்டிக்கு ஆவும்."

"இவரத்தானப்பா சொல்றீங்க?" என்று என்னைக் காட்டிக் கேட்டார் பாய். ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அங்கே சத்தமாகச் சிரித்தவன் நான்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு ஊரில் அதுதான் உத்தியோகம், எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுக் கிளம்புவது.

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. கோணியை மறுபடி கட்டிக்கொண்டே, "சாமி, நீங்க கையெழுத்துப் போடலன்னா ஒடச்சிருவாங்களா?" என்று கேட்டார். "எனக்குச் சிங்கம் வரும். மனுசன்னு செஞ்சது இதான் மொதலு."

மேடையில் பெயர்ப்பலகைக்கு இடம் விட்டுக் காலியாக இருந்தது. தமிழா, தெலுங்கா, கன்னடமா என்று முடிவாகவில்லை. மாகாணங்களைப் பிரிக்கிற பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். நாம் எங்கே போகிறோம் என்று தெரியட்டும், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

4

வீட்டில் அம்மா சாப்பாடு போட்டாள். கண்களில் திரை விழுந்து இரண்டு வருடமாகிறது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. பருப்பை ஊற்றும் முன் இலையின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். சிலையைப் பார்க்க அவள் சந்தைப் பக்கம் போகவேயில்லை என்று பாய் சொல்லியிருந்தார். கேட்டவர்களிடமெல்லாம், 'எம் மவன் வந்து பாத்துச் சொல்லட்டும்' என்றே சொல்லியிருக்கிறாள்.

"பாத்தியாடா?"

"பாத்தேன்மா."

"அப்பா மாதிரி இருக்குதா?"

மாதிரி என்றால் என்ன என்பதிலேயே பெரிய பெரிய ஆட்களுக்குள் சண்டை இருக்கிறது என்று ஆரம்பித்தேன். லண்டனில் ஒரு அம்மாள் சொல்லித் தருகிறார் என்றேன். உருவம் வேறு, உணர்ச்சி வேறு என்றேன். அம்மா மோர் ஊற்றிவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அதெல்லாம் எனக்கு வாணாம். இருக்குதா, இல்லியா? உள்ளதச் சொல்லு. ஊர்ல எல்லாரும் நல்லா இருக்குதுன்னுதான் சொல்றாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்றாங்களோ என்னமோ. நீ சொன்னா நம்பிக்கிறேன்."

இல்லை என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்கு முன் சரிபார்க்க வேண்டுமே, அதுதானே என் உத்தியோகம். சிமெண்டு முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அப்பாவின் முகத்தைத் தேடினேன். தலைப்பாகை வந்தது. சந்தையிலிருந்து வரும்போது வேட்டியில் வரும் சாணி வாசனை வந்தது. தமிழில் அதட்டுகிற குரல் வந்தது. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடம் காலி. பதினோரு வருடம். எந்த வருடத்தில் போனது என்று தெரியவில்லை. இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"நாளைக்கிச் சொல்றேன்மா."

அவள் சொம்பை ஓரமாக நகர்த்திவிட்டு, "நீயும் மறந்துட்டியா?" என்றாள்.

அந்த 'நீயும்' எனக்கு உறைத்தது. நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் இப்பல்லாம் தலப்பாவுதான் வருது," என்றாள். "சரி, கைய கழுவு. நாளைக்கி என்னக் கூட்டிட்டுப் போ. தொட்டுப் பாத்துக்கறேன்."

எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். தொட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் கையெழுத்தும் இல்லை, சிலையும் இல்லை, மேஸ்திரியின் முதல் மனிதனும் இல்லை. அதைவிட, அம்மா கை நீட்டி அப்பாவைத் தேடுகிற இடத்தில், ஊரை விட்டு ஓடிப்போன மகன் இளித்துக்கொண்டு நிற்கப் போகிறான்.

5

மறுநாள் சந்தை காலியாக இருந்தது. முளைக்குச்சிகளும் காய்ந்த சாணியும் நாங்கள் நாலு பேரும். பாய் ஒரு முக்காலி கொண்டு வந்திருந்தார். மேஸ்திரி கோணியை முழுக்க அவிழ்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

அம்மா முகத்துக்கு எட்டமாட்டாள். மேடையில் ஏறி நின்றவள் கைக்கு எட்டியதைத் தொட்டாள். இடுப்பு, வேட்டி மடிப்பு, வலது கையின் மேல் போட்டிருந்த துண்டு. அந்தத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டு விலை வாயால் பேசப்படுவதில்லை. தரகர் கையும் ஆளின் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். விரலைப் பிடித்து விலை சொல்வார்கள், விரலைத் தள்ளி மறுப்பார்கள். சுற்றி நிற்கிறவனுக்குத் துண்டு ஆடுவதுதான் தெரியும். மேஸ்திரி அந்தத் துண்டை அப்படியே சிமெண்டில் போர்த்தியிருந்தார். பார்த்தால் ஒரு மொத்தை. கையே செய்யத் தெரியாமல் மூடிவிட்டார் என்றுதான் நான் முந்தின நாள் நினைத்தேன்.

அம்மா துண்டின் ஓரத்தைத் தடவினாள். கீழே இடைவெளி இருந்தது. கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு வரை போயிற்று.

அப்படியே நின்றாள்.

"என்னம்மா?"

"சுண்டு வெரலு," என்றாள். "கோணலா இருக்குது."

எனக்குப் புரியவில்லை. "ஒடஞ்சிருக்குதா?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"ஒடையல சாமி," என்றார் மேஸ்திரி. "அவருக்கு அப்புடித்தான். கயிறு சுத்தி இழுத்துட்டுப் போன மாடு, நீங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப. அந்த வெரல மடக்க முடியாது அவருக்கு. அதனால ஒரு வெலைய அவரு எப்பவும் ரெண்டு தடவ அமுக்கித்தான் சொல்லுவாரு."

அப்பாவுக்குச் சுண்டுவிரல் கோணல் என்பது எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று எழுதுகிறேன். தெரிந்தே இருந்ததா என்பதுகூடத் தெரியவில்லை.

"யாரும் பாக்க முடியாத எடத்துல எதுக்கு மேஸ்திரி வெரல் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"மூஞ்சி எனக்குத் தெரியாது சாமி. பன்னண்டு வருசம் அவருகிட்டத்தான் மாடு வாங்குனேன், வித்தேன். பேரம் பேசறப்ப யாரு மூஞ்சியப் பாப்பாங்க? மூஞ்சியப் பாத்தா ஏமாந்துருவோம். நான் ஆகாசத்தப் பாப்பேன், அவரு மாட்டப் பாப்பாரு. கைதான் எனக்குத் தெரியும். தெரிஞ்சத விட்டுட்டு எப்புடிச் செய்யறது? அதான் மொதல்ல கையச் செஞ்சேன். மிச்சத்துக்குத்தான் பாய்கிட்ட போட்டோ கேட்டேன்."

அம்மா கையை வெளியே எடுக்கவேயில்லை. முக்காலியைப் பக்கத்தில் போடச் சொன்னாள். நான் பிடித்துக்கொள்ள, இடது கையால் என் தோளை ஊன்றி ஏறினாள். அப்போதுதான் வலது கையைத் துண்டுக்கடியிலிருந்து எடுத்தாள். தலைப்பாகையைத் தொட்டாள். புருவம். மூக்கில் நின்றாள்.

"இது எங்கண்ணன் மூக்கு."

பாய் தொட்டித் தண்ணீரைக் கவனமாகப் பார்த்தார். அம்மாவின் விரல் காதுக்குப் போயிற்று, தள்ளி நிற்கிற காதுக்கு. பிறகு கன்னம், உதட்டின் ஓரம், அந்தப் பொய்ச் சிரிப்பு. அதைத் திரும்பத் திரும்பத் தடவினாள்.

"இது நீ."

சிரிப்புக் காட்ட எதையாவது தேடினேன். எப்போதும் நாக்கு நுனியில் ஒன்று இருக்கும். அன்று இல்லை.

"எப்ப எடுத்த போட்டோடா இது?"

"போன புதுசுல."

"எங்க வலிச்சிது உனக்கு?"

"எங்கியும் இல்லம்மா."

"பல்லக் கடிச்சிட்டு சிரிக்கிறியே. எங்கியோ வலிச்சிருக்குது."

பூட்ஸ் சின்னது என்றேன். கால் கட்டைவிரல் என்றேன். "பொறவு பெருசா வாங்குனியா?" என்று கேட்டாள். வாங்கினேன் என்றேன். அவளை மெதுவாக இறக்கினேன். இறங்கியதும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கையெழுத்தப் போட்டுக் குடு."

"மொகம் அப்பாது இல்லியேம்மா. பொய் எழுதச் சொல்றியா?"

"நான் மொகத்தோடவா குடித்தனம் பண்ணேன்? விடியறதுக்கு முன்னாடி சந்தைக்குப் போவாரு, இருட்டுனப்பறம் வருவாரு. பாகலூரு, சூளகிரின்னு வாரம் பூரா சந்தை. கை அவருது. போடு."

6

பொய்யும் எழுத மனமில்லை, அம்மா சொல்லையும் தட்ட முடியவில்லை. பாரத்தில் அச்சடித்த வாக்கியத்துக்கு அடியில் என் கையால் ஒரு வரி சேர்த்தேன்: 'வலது கை, மணிக்கட்டு வரை, என் தகப்பனாருடையதை முழுக்க ஒத்திருக்கிறது. மற்றவை என்னை ஒத்திருக்கின்றன.'

குமாஸ்தா இரண்டு முறை படித்தார். "நீங்க உயிரோட இருக்கீங்களே."

"ஒருவிதமா."

"உயிரோட இருக்கறவங்களுக்குச் செல வைக்க வேற பாரம். அது மேலாபீஸ் போவணும். ஆறு மாசம் ஆவும்."

"கைக்கு?"

"கைக்கு இதுவே போதும்." பேனாவை நீட்டினார். இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டேன். முத்திரை விழுந்தது. ஆக, சர்க்கார் கணக்கில் பேரிகைச் சந்தையில் நிற்பது ஒரு வலது கை மட்டுமே. அதற்கு மேலும் கீழும் இருப்பவன் அனுமதி இல்லாமல் நிற்கிறான்.

ஆசிரியைக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. சிலை நன்றாக இருக்கிறதா, இல்லையா? முதல் கொள்கைப்படி, பார்க்கிற இடமெல்லாம் பொய், பார்க்க முடியாத இடம் நிஜம். இரண்டாம் கொள்கைப்படி, செய்தவனுக்குத் தெரியாத வலி ஒன்று சிமெண்டைத் தாண்டி, கண் தெரியாத ஒருத்திக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவதுபடி, வண்டிக்கு ஆகும். மூன்றையும் எழுதிவிட்டுக் குழாயோரம் உட்கார்ந்திருக்கிறேன். முதுகு சூடாக இருக்கிறது, முன்பக்கம் குளிர்கிறது. இந்த நாட்டில் என் நிலைமையே அதுதான். மல்லிகா வந்து, "முடித்துவிட்டாயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "என்ன இவ்வளவு கஷ்டம்? ஆமாம் அல்லது இல்லை," என்றாள். அவள் பாட்டியைப் போலவே கேட்கிறாள் என்று சொல்ல நினைத்தேன். பாட்டியை அவள் பார்த்ததில்லை.

இந்த வாரம் ரசாக் பாயிடமிருந்து கடிதம் வந்தது. சந்தையில் சண்டை குறைந்திருக்கிறது என்றும், குறையவில்லை என்றும் இரண்டும் எழுதியிருக்கிறார். மாலூர்க்காரர் இன்னும் பின்னங்காலையே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மேஸ்திரிக்கு இரண்டு இடத்தில் மனிதன் செய்ய அழைப்பு வந்திருக்கிறது. ஒருவருக்கும் போட்டோ இல்லையாம். என்னிடம் வேறு போட்டோ இருந்தால் அனுப்பச் சொல்கிறார். அது வேடிக்கைக்கு எழுதியது என்று நம்புகிறேன்.

என் அடுத்த சலுகைப் படுக்கைக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. அதை முன்கூட்டிக் கேட்க ஒரு பாரம் உண்டு. வாங்கி வைத்திருக்கிறேன். காரணம் என்ற கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.

கடிதத்தின் கடைசியில் பாய் எழுதியதை அப்படியே தருகிறேன். 'உங்கம்மா சந்தை தவறாம வர்றாங்க தம்பி. துண்டுக்கடியில கையக் குடுத்துட்டுக் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போறாங்க. போன வாரம் நான்தான், மூஞ்சியும் தொட்டுப் பாக்கறீங்களா, முக்காலி போட்டுத் தரட்டுமான்னு கேட்டேன். வாணாங்க பாய், அவன் வந்து குனியட்டும்னு சொல்லிட்டாங்க.'